தேவாங்குக்கு ஒரு சட்டம்
(மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் சுருக்கம்)



மாணவர்களுக்குச் சட்டம் சொல்லிக் கொடுப்பதென்றால் இருக்கிற சட்டத்தை நெட்டுருப் போடச் செய்வதுதான் வழக்கமாயிருக்கிறது. நாம் கேட்பதெல்லாம், அழிந்துவரும் ஒரு பிராணியைக் காப்பாற்ற அவர்களையே ஒரு சட்டம் எழுதச் சொல்லுங்கள் என்பதேயாகும்.

தேவாங்கை எடுத்துக்கொள்ளுவோம். மெலிந்த பிள்ளையைத் தேவாங்கு என்று வைகிறோமே, அதுதான். இரவில் மரத்தில் ஏறிப் பூச்சி தின்னும் பிராணி. குடியானவனுக்கு அதனால் ஒரு கெடுதியுமில்லை. அதன் கண் பெரியது. வெளிச்சம் பட்டால் ஜொலிக்கும். இது ஒன்றுதான் அது செய்த குற்றம். இதற்காக அதன் கண்ணை மருந்தென்றும், வசிய மைக்கு ஆகுமென்றும், சூனியத்திற்கு ஆகுமென்றும் சொல்லிப் பிடித்துக் கொன்றார்கள். பெயரில் தேவன் இருந்தும் ஒரு தேவனும் வந்து காப்பாற்றவில்லை!

மாணவன் முதலில் “தேவாங்கைக் கொல்லக்கூடாது” என்றுதான் எழுதுவான். சரி, உயிரோடு பிடித்துக் கூண்டில் அடைத்தால்? கண்ணி வைத்தும் அகப்படாமல் போனால்? என்று ஆசிரியர் கேட்கவேண்டும். 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், பிடிப்பது, விஷம் வைப்பது, கண்ணி வைப்பது, அதற்கு முயற்சிப்பது எல்லாவற்றையும் வேட்டையென்றே சொல்லுகிறது. அது ஏனென்று பையனுக்கு அப்பொழுது தானே விளங்கும். தேவாங்கு அச்சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. வேட்டையாடினால் 3 வருஷத்திற்குக் குறையாமல் 7 வருஷம் வரை சிறை.

சிறை யாருக்கு? இங்கேதான் விஷயமிருக்கிறது. கூலிக்குப் பிடித்த ஏழை சுலபத்தில் அகப்படுவான். காசு கொடுத்து வாங்கினவன் எங்கே? வாங்கச் சொன்ன மந்திரவாதி எங்கே? உடந்தைக்கும் தண்டனை உண்டென்று சட்டத்தில் இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் மந்திரவாதிக்கு அஞ்சுகிற ஊரில் அவன்மேல் சாட்சி சொல்ல யார் வருவார்கள்?

2022-ல் தமிழ்நாடு சர்க்கார் கரூர், திண்டுக்கல் ஜில்லாக்களில் 11,806 ஹெக்டேர் காட்டைக் கடவூர் தேவாங்கு சரணாலயமாக்கிற்று. நல்ல காரியம், பாராட்டுகிறோம். ஆனால் வசிய மை கேட்கிறவன் இருப்பது காட்டிலல்லவே, ஊருக்குள்ளல்லவா!

1976-ல் அரசியல் சட்டத்தில் குடிமக்களின் கடமைகளைச் சேர்த்தபோது, வனவிலங்கைக் காப்பதையும் ஜீவராசிகளிடம் இரக்கத்தையும் ஒரு பிரிவாக வைத்தார்கள். அதற்கு அடுத்த பிரிவு என்ன தெரியுமா? விஞ்ஞான மனப்பான்மையும் ஆராய்ச்சிப் புத்தியும். தெரிந்து வைத்தார்களோ, தெரியாமல் வைத்தார்களோ, பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறது.

ஆகவே, பிராணியின் உறுப்பு வசியம் செய்யும், வியாதி தீர்க்கும் என்று சொல்லிக் காசு பறிப்பவனுக்கும் மாணவர்கள் ஒரு பிரிவு எழுதட்டும். அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பாட்டிக்கு வாசித்துக் காட்டட்டும். பாட்டி என்ன பதில் சொன்னாள் என்பதை மறுநாள் வகுப்பில் வந்து சொல்லட்டும்.