உண்டவரே கணக்குப் பார்த்த நகர்

 

ஊழல் என்னும் சொல் நாள்தோறும் செய்தித்தாள்களில் அடிபடுகின்றது. அதன் வேரை எண்ணிப் பார்ப்பார் சிலரே. ஊழ்த்தல் என்பது முதிர்தல். முதிர்ந்து, பதனழிந்து, கெடுதல். அழுகிக் கெட்டதை ஊழல் என்றனர் நம் முன்னோர். பொதுப்பணத்தைக் கவர்வதற்கு இச்சொல்லை முதற்கண் ஆண்டவன் எவனாயினும் அவன் நுண்ணறிவினன். திருட்டென்பது ஒருவன் கையோடு முடிவது. ஊழலோ பழத்தின் உள்ளிருந்து பரவுவது. ஒரு புழுவை எடுத்தெறிந்துவிட்டால் பழம் நன்றாகிவிடாது. இதற்கு நியூயார்க்கு நகரின் வில்லியம் துவீடு என்பானின் வரலாற்றினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

துவீடு 1823-இல் அந்நகரிலேயே பிறந்தான். தந்தை நாற்காலி செய்யும் தொழிலர். மகன் ஆறடி உயரம், பேருடல், எவரோடும் தோள்மேல் கைபோட்டுப் பேசும் இயல்பு. அக்காலத்தில் தீயணைப்பு, ஊர் இளைஞர் தாமே கூடி நடத்திய பணி. அத்தகைய குழுவொன்றுக்கு அவன் தலைவனானான். அக்குழுவின் பொறி புலித்தலை. தீயணைக்கத் திரண்ட இளைஞரே தேர்தற் படையுமாயினர். 1851-இல் நகரவைக்குத் தேர்ந்தெடுக்கப்பெற்றான். அவன் இருந்த நகரவையை 'நாற்பது திருடர்' என்றே ஊரார் அழைத்தனர் என்றால் வேறு விளக்கம் வேண்டுமோ? பின்னர் ஒருமுறை நாட்டின் நடுவண் அவைக்கும் சென்றான். ஆங்கு அவனுக்குச் சுவைக்கவில்லை. நாட்டுச் சட்டத்தைவிட ஊர்ப் பணப்பெட்டியே அவனுக்கு இனித்தது.

நகரின் தேர்தல் முறைகேடுகளைக் களைதற்கென்றே மாவட்ட மேற்பார்வை அவையொன்று ஏற்படுத்தப்பட்டது. இரு கட்சியினர்க்கும் அதில் ஒப்ப இடம். ஒருவரை ஒருவர் காப்பர் என்பது சட்டம் வகுத்தோர் எண்ணம். தேர்தற் கண்காணிப்பாளரை அமர்த்தும் நாளில் எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் அவைக்கு வராதிருக்க 2,500 தாலர் கொடுத்ததாகத் துவீடே பின்னாளில் ஒப்புக்கொண்டான். வேலிக்கென நட்ட முள்ளையே விலைக்கு வாங்கியவன் அவன். 1863-இல் தாம்மனி மன்றம் என்னும் கட்சியமைப்பின் தலைவனானான். 1868-இல் மாநில மேலவையிலும் அமர்ந்தான்.

அவனுடன் மூவர் சேர்ந்தனர். ஓக்கி ஆல் நகரத்தலைவர். கனோலி நகரின் கணக்குத் தலைவர். சுவீனி நகரின் கருவூலக்காரர். இந்நால்வரும் 1870-இல் நகராட்சிக்குப் புதிய பட்டயம் ஒன்றைக் கையூட்டுக் கொடுத்தே மாநில அவையில் நிறைவேற்றினர். வெளித்தோற்றத்தில் அது நகருக்குத் தன்னாட்சி வழங்கும் சட்டம். நல்லோர் பலரும் அதனைப் போற்றினர்! அதன் உள்ளே இருந்ததோ ஒரு தணிக்கைக் குழு. உறுப்பினர் யார்? ஆல், கனோலி, துவீடு. செலவு செய்வோரும் அவரே. செலவு சரியென்போரும் அவரே. அக்குழு ஒரே ஒரு முறை கூடியது. பட்டிகளைத் தீர்க்கும் பொறுப்பை வாட்சன் என்னும் கணக்காயரிடம் விட்டுக் கலைந்தது. அவ்வழியே அறுபது இலக்கம் தாலருக்கு மேற்பட்ட பட்டிகள் தீர்க்கப்பட்டன. முறை எளியது. நூறு தாலர் பட்டியில் அறுபத்தைந்து கும்பலுக்கு. எஞ்சிய முப்பத்தைந்தே பணியெடுத்த ஒப்பந்தக்காரர்க்கு. அம்முப்பத்தைந்திலும் அவர் ஊதியம் பெறவேண்டுமாயின் பட்டியை எவ்வளவு பெருக்கவேண்டும் என்பதை எண்ணிக்கொள்க.

கொள்ளையின் நடுவிடம் மாவட்ட வழக்குமன்ற மாளிகை. ஆம், திருடரைத் தண்டிக்க எழுப்பிய கட்டடந்தான்! 1858-இல் அதற்கு ஒதுக்கிய தொகை இரண்டரை இலக்கம் தாலர். முடிவில் ஒரு கோடியே இருபது இலக்கத்துக்கு மேற்சென்றது. 1867-இல் உருசியரிடமிருந்து அலாசுக்கா என்னும் பெருநிலம் முழுவதையும் அமெரிக்க அரசு வாங்கியது எழுபத்திரண்டு இலக்கம் தாலருக்கு. ஒரு நாட்டளவு நிலத்தின் விலையை ஒரு கட்டடம் விழுங்கி மேலும் வாய் பிளந்தது! சுண்ணப் பூச்சுக்காரர் ஒருவர்க்கு இரண்டு நாள் வேலைக்கு 1,33,187 தாலர். மூன்று மேசைக்கும் நாற்பது நாற்காலிக்கும் 1,79,729 தாலர். நாற்காலிக்காரர் மகனுக்கு நாற்காலியின் விலை தெரியாதென எவர் சொல்லவியலும்?

இத்தனையும் நடந்தபோது ஊர் என்ன செய்துகொண்டிருந்தது? அதனையே ஊன்றிக் காணவேண்டும்.

அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழிந்து பஞ்சம் சூழ்ந்த பின், வறுமையோடு கப்பலேறி வந்தோர் நியூயார்க்கில் நிறைந்திருந்தனர். படித்தோரும் செல்வரும் அவர்களை வெறுத்து ஒதுக்கினர். துவீடு ஒதுக்கவில்லை. 1868-இல் அவன் கட்சி சார்ந்த நடுவர்கள் நாற்பதினாயிரவர்க்கும் மேற்பட்ட வந்தேறிகளுக்குக் குடியுரிமைத் தாள் வழங்கினர். வேலை வேண்டினார்க்கு நகராட்சியில் வேலை. 1870-ஆம் ஆண்டுப் பனிக்காலத்தில் தன் வட்டத்து ஏழையர்க்கு ஐம்பதினாயிரம் தாலர் கொடுத்தான். அடுப்புக்குக் கரி கிடைத்தவன், கரி கொடுத்தவனை வாழ்த்தாது வேறென் செய்வான்? அக்கரி தன் வரிப்பணத்திலிருந்தும் தன் வாடகையிலிருந்துமே வந்ததென அவனுக்கு எவரும் சொல்லவில்லை. சொல்லவேண்டியவர்கள் அவன் மொழியில் அவனோடு பேசியதேயில்லை. கொடையென்று பெற்றது தன் உடைமையே என அறியாதவன்மேல் பழி சுமத்துவது எளிது. அவனைப் பசியோடு விட்டுவைத்தோரும் அப்பழியில் பங்குடையர்.

செல்வர்தம் செயலோ இதனினும் இழிவு. 1870 தேர்தலுக்குச் சற்றுமுன், கணக்கேடுகளை வந்து பாருங்கள் எனக் கும்பல் ஆறு பெரும் செல்வரை அழைத்தது. நகரின் முதற் செல்வர்களுள் ஒருவரான ஆசுட்டர் அவர்களுக்குத் தலைவர். கணக்கு ஒழுங்காக எழுதப்பட்டுள்ளதென அறுவரும் கையொப்பமிட்டனர். ஏழை கரிக்கு வாக்களித்தான். இவர்கள் எதற்குக் கையெழுத்திட்டனர்? தாளிகைகளில் பெரும்பாலானவை நகராட்சி விளம்பரத்தில் உண்டு கொழுத்து வாய்மூடிக் கிடந்தன.

வாய் திறந்தவர் இருவர். ஒருவர் ஆர்ப்பர்சு கிழமையிதழின் ஓவியர் தாமசு நாசுட்டு. செருமனியிலிருந்து சிறுவனாக வந்தவர். துவீட்டின் தொந்தியையும் சட்டையில் மின்னும் வயிரத்தையும் கிழமைதோறும் வரைந்தார். தலையிருக்குமிடத்தில் பணப்பையை வரைந்தார். தாளிகைக் கட்டுரைகளைப் பற்றித் துவீடு கவலைப்படவில்லை. அவன் வாக்காளர் பலர் எழுத்தறியாதவர். படத்தைக் காண எழுத்தறிவு வேண்டுவதில்லையே! நாசுட்டுக்கு ஓவியம் பயில ஐரோப்பா செல்லுமாறு ஐந்து இலக்கம் தாலர் வரை விலை பேசப்பட்டதென அவர் வாழ்க்கை வரலாறு கூறும். அவர் அசையவில்லை. அவ்விதழை வெளியிட்ட நிறுவனத்தின் பாடநூல்களைப் பள்ளிகளினின்றே நீக்கியது துவீட்டின் கைக்குள் இருந்த கல்விக்குழு. ஓவியனை அடிக்க முடியாதவன் குழந்தைகளின் பாடநூலை அடித்தான்.

மற்றொன்று நியூயார்க்கு தைம்சு. அதுவும் தொடக்கத்தில் அமைதி காத்ததே. அதன் இயக்குநருள் ஒருவர் துவீட்டின் அச்சுத்தொழிலில் கூட்டாளி. அவர் 1870-இல் இறந்த பின்னரே அதன் வாய் திறந்தது. திறந்தும் கையில் சான்றில்லை. சான்று வந்த வழியும் தூயதன்று. 1871 சனவரியில் கணக்காயர் வாட்சன் பனிச்சறுக்கு வண்டி நேர்ச்சியொன்றில் குதிரையுதையால் தலையில் அடிபட்டு இறந்தார். அந்நெருக்கடியில் ஓரூர்க்கு என்பவர் கணக்கெழுத வந்தார். ஏட்டைக் கண்டு திகைத்துப் படியெடுத்தார். முன்னாள் காவல்தலைவர் ஓபிரையன் வேறு வழியாகப் படியெடுத்து வைத்திருந்தார். ஓபிரையன் அறவோர் அல்லர். தாம் கேட்ட மூன்றரை இலக்கம் தாலரைக் கும்பல் தர மறுத்ததால் பகைத்தவர். கூடியுண்டோர் பிளவுபட்டபோதே அடைத்த கதவு திறந்தது.

தைம்சின் உரிமையாளர் சார்சு சோன்சிடம் கனோலி ஐம்பது இலக்கம் தாலர் கொடுக்க முன்வந்தார். சோன்சு மறுத்தார். 1871 சூலையில் கணக்குகள் அப்படியே அச்சேறின: பெயர், நாள், தொகை. இகழுரை வேண்டியிருக்கவில்லை; எண்களே பேசின. சூலை 29-இல் வெளிவந்த சிறப்பிணைப்பு ஆங்கிலத்தில் மட்டுமன்றிச் செருமானிய மொழியிலும் அச்சிடப்பட்டது. ஆங்கிலம் அறியாத செருமானியத் தொழிலாளர் நகரில் ஏராளம். தங்கள் பணத்துக்கு நேர்ந்ததைத் தங்கள் தாய்மொழியில் அவர்கள் படித்தனர். தமிழன்பர்களே, இதனைக் கருத்தில் நிறுத்துங்கள். மக்கள் அறியா மொழியில் கணக்கு எழுதப்பெறும் நாட்டில் கள்வனுக்குக் காவலே வேண்டுவதில்லை.

செபுதம்பர் 4-இல் நகரத்தார் கூடி எழுபதின்மர் குழுவை அமைத்தனர். ஒரு கிழமைக்குள் கணக்குத் தலைவர் அலுவலகத்திலிருந்து மூவாயிரத்துக்கும் மேற்பட்ட செலவுச் சீட்டுகள் களவுபோயின! பழி முழுவதும் தம் தலையில் விழுமென அஞ்சிய கனோலி, துவீட்டின் கட்சியிலேயே எதிரணியில் நின்ற தில்டனிடம் அடைக்கலம் புகுந்தார். சீட்டுகள் மறைந்தாலும் வைப்பகக் கணக்கு மறையவில்லை. ஒப்பந்தக்காரர் பெற்ற பணம் எவர் கணக்கில் எவ்வளவு ஏறியதெனத் தில்டன் வரிவரியாகக் கோத்துக் காட்டினார். அக்தோபர் 27-இல் துவீடு தளைப்படுத்தப்பட்டுப் பிணையில் வெளிவந்தான். நவம்பர்த் தேர்தலில் அவன் கட்சியினர் பெரும்பாலோர் தோற்றனர். துவீடு மட்டும் வென்றான்! அவன் வட்டத்து ஏழையர் அவனைக் கைவிடவில்லை. அவ்விருக்கையில் அவன் அமரவில்லை என்பது வேறு செய்தி.

1873 சனவரியில் முதல் உசாவல். அறங்கூறு குழுவினர் ஒருமனப்படவில்லை. நவம்பரில் மீண்டும் உசாவல். 204 குற்றங்கள் மெய்ப்பிக்கப்பட்டன; பன்னிரண்டாண்டுச் சிறை. சிறையில் தொழில் என்னவென வினவியபோது 'அரசியலறிஞன்' என விடையிறுத்தானாம்! 1875-இல் மேல்முறை மன்றம், பல குற்றங்களின் தண்டனையை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குதல் சட்டத்துக்கு ஒவ்வாதெனக் கூறி அவனை விடுவித்தது. வாயிலிலேயே மீண்டும் பிடித்தனர். கவர்ந்த பணத்தை மீட்க அறுபது இலக்கம் தாலர் வழக்கு. பிணை முப்பது இலக்கம். அதனைக் கட்ட அவனாலும் இயலவில்லை. 1871 மே மாதம் தன் மகள் திருமணத்தில் ஏழு இலக்கம் தாலர் பெறுமான பரிசு குவிந்ததாகப் பேசப்பட்டவன், லட்லோ தெருச் சிறையில் அடைபட்டான்.

அச்சிறையிலும் அவனுக்கு வீட்டுக்குச் சென்றுவர இசைவு இருந்தது. 1875 திசம்பர் 4-இல் அவ்வாறு சென்றவன் காவலர் கண்ணெதிரே மறைந்தான். கியூபா சென்று, கப்பலேறி 1876 செபுதம்பரில் இசுபெயின் நாட்டின் விகோ துறைமுகத்தில் இறங்கினான். ஆங்கிலம் தெரியாத அந்நாட்டார் அவனைப் பிடித்தது நாசுட்டின் ஓவியத்தைக் கொண்டு. ஓவியத்தில் துவீடு இரு சிறுவரைப் பற்றியிருப்பதைக் கண்டு, பிள்ளை பிடிப்பவன் என எண்ணினராம். அமெரிக்கப் போர்க்கப்பலில் நவம்பரில் திரும்பக் கொணரப்பட்டான்.

1877-இல் அவன் உடைந்தான். விடுதலை கிடைக்குமென நம்பி நகரவைக் குழுவின்முன் அனைத்தையும் சொன்னான்: எவரெவர்க்கு எவ்வளவு, எந்தச் சட்டத்துக்கு என்ன விலை என. சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டனர். மாநிலத் தலைமை வழக்கறிஞர் விடுதலையை மறுத்தார். அவன் வாய்மொழியால் பல பெரியோர் பெயர்கள் வெளிவருமென அஞ்சியே மறுத்தனர் என்பாரும் உளர். 1878 ஏப்பிரல் 12-இல், நுரையீரல் அழற்சியால், லட்லோ தெருச் சிறையிலேயே துவீடு இறந்தான். அகவை 55.

ஏனையோர்? நகரத்தலைவர் ஆல் வழக்கிலிருந்து விடுதலை பெற்றார். கனோலி பெரும்பணத்தோடு வெளிநாடு ஓடினார், திரும்பவேயில்லை. ஒப்பந்தக்காரர் சிலர் சான்று கூறித் தப்பினர். கையொப்பமிட்ட அறுவரை எவரும் எதுவும் கேட்கவில்லை. சுவீனி நான்கு இலக்கம் தாலர் திருப்பிக் கட்டி வழக்கைத் தீர்த்துக்கொண்டார்; அத்தொகையும், முன்னரே இறந்துபோன தம் உடன்பிறந்தாரின் கணக்கில் காட்டப்பட்டது.