தண்டவாளமும் தண்ணீரும்

சிறுநகரமும் அதைச் சூழ்ந்த ஊரகமும் என்பது நம் மாநாட்டின் பொருள். நகரமயமாதலின் பொதுக் கோட்பாடுகளை இந்த அவைக்கு நான் விளக்க வேண்டியதில்லை; அமர்வுகளில் அவை விரிவாகவே வரும். நாம் கூடியிருக்கும் அம்பர்நாத்தைப் பற்றிய நெடுநாள் வழக்கொன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

இவ்வூரின் வரலாற்றை எழுதுவோர், சக ஆண்டு 982, அதாவது கி.பி. 1060ஐக் குறிக்கும் கல்வெட்டுடைய சிலாகாரர் காலச் சிவன் கோயிலுக்கு ஒரு பத்தி ஒதுக்குகிறார்கள். அடுத்த பத்தியில் எட்டு நூற்றாண்டுகளைத் தாண்டி ரயிலுக்கு வந்துவிடுகிறார்கள். ரயில் வந்தது, ஆலைகள் வந்தன, ஊர் மும்பையின் வால்பகுதியானது என்று முடிக்கிறார்கள். இதை நிறுவிய மூத்த ஆய்வாளர்களின் உழைப்பை மதிக்கிறேன்; முடிவைத்தான் ஏற்க இயலவில்லை. கல்யாணுக்கு ரயில் வந்தது 1854இல். அங்கிருந்து இவ்வூர் வழியே தெற்கே கோபோலி வரை பாதை நீண்டது 1856இல். தரம்சி மொரார்ஜி இரசாயன நிறுவனம் தொடங்கப்பட்டதோ 1919இல். விம்கோ தீப்பெட்டி நிறுவனம் 1923இல். இவற்றின் ஆலைகள் இங்கு எழுந்தது அதன் பிறகே. ரயில் ஒன்றே போதுமென்றால் அறுபது ஆண்டுகளுக்கு மேல் இந்த நகரம் எதற்காகக் காத்திருந்தது? அதே பாதையிலுள்ள வாங்கணி ஏன் நெடுங்காலம் சிற்றூராகவே இருந்தது?

என் விடை தண்ணீர். இரசாயனத் தொழிலுக்கு எடுக்கவும் நீர் வேண்டும், கழிவை விடவும் நீர் வேண்டும். அந்தக் கோயில் நிற்கும் வால்துனி ஆற்றங்கரையில் இரண்டும் கிடைத்தன. அத்தனை பெரிய கற்கோயிலைப் பதினோராம் நூற்றாண்டில் எழுப்பவும், நீர் வளத்தால் சுற்றுக் கிராமங்களின் விளைச்சல் மிச்சமாகியிருக்க வேண்டும். 1962இல் உருவான மகாராஷ்டிரத் தொழில் வளர்ச்சிக் கழகம் பிறகு பார்வி அணையைக் கட்டியபோது நகரத்துக்கும் சுற்றியுள்ள ஊரகத்தின் நீருக்கும் உள்ள இந்த உறவு வெளிப்படையாயிற்று. இப்பகுதியின் தொழிற்பேட்டைகளும் நகரங்களும் அந்த நீரை நம்பியிருக்கின்றன. அணையின் உயரம் கூட்டப்பட்டபோது முர்பாட் தாலுகாவின் ஆதிவாசிக் குடும்பங்கள் நிலத்தையும் வீட்டையும் இழந்தன.

அன்றாடம் காலையில் மும்பைக்குப் போகும் கூட்டத்தைக் காட்டி மறுப்பார்கள். அந்தக் கூட்டம் உண்மைதான். ஆனால் உழைப்பு எங்கே போகிறது என்பதைத்தான் அது சொல்கிறது. ஊர் எதனால் நிற்கிறது என்பதைச் சொல்வதில்லை. 1983இல் கல்யாண் மாநகராட்சியோடு இணைக்கப்பட்ட அம்பர்நாத் 1992இல் பிரிந்து தனி நகராட்சியானதையும் வால்பகுதிக் கோட்பாட்டால் விளக்க முடியவில்லை. ஆலைகளால் கிராமங்களுக்கும் வேலை கிடைத்ததே என்பது இன்னொரு மறுப்பு. கிடைத்தது. யாருக்கு, எந்த ஊரில், எவ்வளவு நாளைக்கு என்று கேட்டால்தான் அது ஆய்வாகும்.

அதற்கான சான்று நம் நூலகங்களில் தூசி படிந்து கிடக்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் தாணே மாவட்டக் கையேட்டிலிருந்து நாம் எடுப்பது நகர மக்கள்தொகையை மட்டுமே. 2011இல் அம்பர்நாத்துக்கு இரண்டரை இலட்சம் என்று எழுதி மூடிவிடுகிறோம். அதே கையேட்டின் கிராமப் பட்டியல் ஒவ்வோர் ஊருக்கும் குடிநீர் எங்கிருந்து வருகிறது, பாசன நிலம் எவ்வளவு, அருகிலுள்ள நகரம் எத்தனை தொலைவு என்று வரிசையாகச் சொல்கிறது. பத்தாண்டுக்கு ஒன்றாக அவற்றை அடுக்கி வைத்துப் படித்தால், நகரம் வளர்ந்த வேகத்தில் எந்த ஊரின் கிணறு கைவிடப்பட்டது என்பது தெரியும். அதிகாரிகள் தொகுத்த விவரத்தை முழுதும் நம்பலாமா என்பார்கள். முழுதும் நம்பச் சொல்லவில்லை. படிக்காமலே தள்ளாதீர்கள் என்கிறேன்.

திருப்பூரின் சாயக்கழிவு ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி நொய்யல் கரை உழவர்களின் வயல்களைக் கெடுத்தது. அங்கே நகரத்தை ஆற்றோடு சேர்த்தே ஆராயக் கற்றுக்கொண்டோம். உல்ஹாஸ், வால்துனி ஆறுகளின் மாசுக்காகத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் இழப்பீடு விதித்த பிறகும், இங்கே மட்டும் ரயில் நிலையத்திலிருந்தே நகரத்தை அளப்பதற்கு என்ன நியாயம்? இந்த அமர்வுகளில் வைக்கப்படும் நிலப்படங்கள் நகராட்சி எல்லையோடு நின்று, முர்பாட்டின் நீர்ப்பிடிப்பை வெற்றிடமாக விட்டிருந்தால், அவற்றை அம்பர்நாத்தின் நிலப்படமாக நான் ஏற்கமாட்டேன்.