நீரும் ஓர் அமானிதமே

(மஹல்லா குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் வாழும் நமக்குத் தண்ணீரின் அருமையை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. குழாயடியில் குடத்தை வரிசையில் வைத்துக் காத்திருந்தவர்கள் நாம். லாரித் தண்ணீருக்குக் காசு எண்ணிக் கொடுப்பவர்களும் நாம்தான். ஆனால் சுற்றுச்சூழல் பாதுகாப்பு என்றதும் எங்கோ இருக்கும் காடும் பனிமலையும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. நம் வீட்டுக் கொல்லைக் கிணறு வருவதில்லை. இன்று அந்தக் கிணற்றைப் பற்றி மட்டும் பேசுவோம்.

கடலோர மணலுக்குக் கீழே மழைநீர் எப்படி நிற்கிறது? நல்ல நீர் இலேசானது, கடல்நீர் கனமானது. அதனால் மண்ணுக்குள் நல்ல நீர் உப்பு நீரின் மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி உயரம் நல்ல நீர் இருந்தால், கீழே ஏறத்தாழ 40 அடி வரை நல்ல நீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர் வல்லுநர்களின் கணக்கு. இதைத் திருப்பிப் பாருங்கள். மோட்டார் போட்டு இறைத்து அந்த மட்டத்தை ஓர் அடி குறைத்தால், உப்பு நீர் நாளடைவில் 40 அடி மேலே ஏறி வர இடம் கொடுக்கிறோம். ‘தண்ணீர் உப்பாகிவிட்டது, போரை இன்னும் ஆழப்படுத்துவோம்’ என்கிறோமே, நம் மணற்பாங்கில் அது பெரும்பாலும் உப்பைத் தேடிப் போவதாகவே முடிகிறது. ஒரு முறை உப்பேறிய கிணறு மறுபடி இனிக்கப் பல மழைக்காலங்கள் ஆகும். நம் பிள்ளைகள் அனுபவிக்க வேண்டியதை நாம் கெடுத்துவிட்டுப் போகக் கூடாது. நீர் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

ஓடும் ஆற்றங்கரையில் இருந்தாலும் உளூவில் வீண் விரயம் கூடாது என்ற செய்தியைப் பயான்களில் பல முறை கேட்டிருக்கிறோம். அளவு எவ்வளவு என்று கேட்டதுண்டா? நபி (ஸல்) அவர்கள் ஒரு ‘முத்து’ அளவு நீரில் உளூச் செய்ததாக அனஸ் (ரலி) அவர்கள் அறிவிப்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. இரு கைகளையும் சேர்த்து ஏந்தினால் கொள்ளும் அளவுதான் ஒரு முத்து. இன்றைய கணக்கில் சுமார் முக்கால் லிட்டர்.

நம் குழாயடிக்கு வருவோம். நிமிடத்துக்கு 6 லிட்டர் ஊற்றும் குழாயை இரண்டு நிமிடம் திறந்து வைத்தால் 12 லிட்டர் போய்விடும். 100 பேர் ஐந்து வேளையும் அப்படிச் செய்தால் ஒரு நாளைக்கு 6,000 லிட்டர். முகத்தைக் கழுவிவிட்டுக் கையைத் தேய்க்கும் போது குழாயை மூடி, ஆளுக்கு 3 லிட்டரில் முடித்தால் 1,500 லிட்டர் போதும். மீதி 4,500 லிட்டர் பூமிக்குள்ளேயே இருக்கும். இதற்குப் பணம் வேண்டாம், திட்டம் வேண்டாம், கை சற்று அசைந்தால் போதும்.

மிச்சப்படுத்துவது பாதி வேலை. எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பது மறுபாதி. நம் மாவட்டத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 800 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்கிறது. அதில் பாதிக்கு மேல் ஐப்பசி முதல் மார்கழிக்குள் கொட்டிவிடுகிறது. 1,000 சதுர அடி மொட்டை மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தாலே ஏறத்தாழ 930 லிட்டர் விழும். ஆண்டு முழுதும் விழுவதில் கால் பங்கு வீணானாலும் 55,000 லிட்டர் மிஞ்சும். 12,000 லிட்டர் பிடிக்கும் லாரி என்றால் நான்கு லாரிக்கும் அதிகம். இதை வாசலில் ஓடவிட்டுச் சாக்கடையில் சேர்த்துவிட்டு, தை பிறந்ததும் லாரிக்குப் போன் செய்கிறோம்.

ஊருணி வெட்டி, அதில் குளிக்கவோ துவைக்கவோ விடாமல் காவல் வைத்து, மழைநீரைக் குடித்து வாழ்ந்த மண் இது. 2003-இல் தமிழக அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. அன்று போட்ட குழாய்கள் பல வீடுகளில் இன்றும் இருக்கின்றன. உடைந்து, அடைத்து, வேலை செய்யாமல் நிற்கின்றன. அவற்றை உயிர்ப்பிப்பதுதான் இந்த ஆண்டு நம் வேலை.

ஐப்பசிக்கு முன் ஒவ்வொரு வீட்டிலும் மொட்டை மாடியைக் கூட்டிச் சுத்தம் செய்யுங்கள். இறங்கு குழாயின் அடைப்பை எடுங்கள். முதல் மழையில் தூசியும் பறவை எச்சமும் வரும், அதை வெளியே விட்டுவிடுங்கள். அதன் பிறகு வரும் நீரை ஜல்லி, கரி, மணல் அடுக்கிய தொட்டி வழியாக வடிகட்டிக் கிணற்றில் விடுங்கள். கிணறு இல்லாதவர்கள் குழி வெட்டி அதே போல் ஜல்லியும் மணலும் நிரப்பலாம். கழிவுநீர்த் தொட்டிக்கு அருகில் மட்டும் வேண்டாம். தொட்டியைக் கொசு புகாதபடி வலை போட்டு மூடுங்கள்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டுத் தண்ணீரின் கணக்கு உங்கள் கையில்தான் இருக்கிறது. அரிசி களைந்த நீரை முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும் ஊற்றுங்கள். ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் நீரை வாளியில் பிடித்துத் தரை துடைக்கவும் கழிவறைக்கும் பயன்படுத்துங்கள். அதில் உப்பு அதிகம் என்பதால் செடிக்கு ஊற்ற வேண்டாம்.

மதரஸா உஸ்தாதுமார்களே! உளூவின் ஃபர்ளையும் சுன்னத்தையும் கற்றுக் கொடுக்கும் அதே பாடத்தில், ஒரு லிட்டர் பாட்டிலில் நீர் நிரப்பிக் கொடுத்து, ‘இதற்குள் உளூவை முடி பார்க்கலாம்’ என்று சொல்லிப் பாருங்கள். பிள்ளைகள் அதை விளையாட்டாகவே கற்றுக்கொள்வார்கள். வீட்டுக்குப் போய் நமக்கும் சொல்லித் தருவார்கள்.

பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கும் எங்கள் வேண்டுகோள் உண்டு. உளூச் செய்த நீரில் சோப்பு கலப்பதில்லை. அதைச் சாக்கடைக்கு அனுப்பாமல் பள்ளி வளாகத்துத் தென்னைக்கும் வேம்புக்கும் வாய்க்கால் போட்டுத் திருப்பலாம். ஒருவர் நட்ட மரத்தில் மனிதரோ பறவையோ உண்டால் அது அவருக்குத் தர்மமாக எழுதப்படும் என்பது நாம் அறிந்த நபிமொழிதானே!

மதீனாவில் குடிநீருக்குத் தட்டுப்பாடு இருந்த போது, உஸ்மான் (ரலி) அவர்கள் ரூமா கிணற்றைத் தம் பணத்தில் வாங்கி எல்லோருக்கும் பொதுவாக்கினார்கள். அன்றைய தேவை ஒரு கிணற்றை வாங்குவது. இன்று நமக்குக் கிணறு இருக்கிறது. அது உப்பாகாமல் காப்பதே நம் காலத்து ஸதக்கத்துல் ஜாரியா. வசதி உள்ளவர்கள் தம் வீட்டு வேலையை முடித்ததும், வசதியற்ற பக்கத்து வீட்டுக்கு ஒரு குழாயும் இரண்டு கூடை ஜல்லியும் வாங்கிக் கொடுங்கள். நிலத்தடி நீருக்கு வேலி கிடையாது. அவர் வீட்டில் இறங்கும் மழை உங்கள் கிணற்றையும் இனிக்க வைக்கும்.

மழைக்கு இன்னும் சில வாரங்களே இருக்கின்றன. இன்ஷா அல்லாஹ், மேகம் திரளும் முன் நம் மாடிகள் தயாராகட்டும். நமக்குக் கிடைத்த நீரைப் பேணவும், வரும் தலைமுறைக்கு இனிய நீரை விட்டுச் செல்லவும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.