தேவதாரு எண்ணெய்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

இமயச் சாரலில் வளரும் ஊசியிலை மரமாகிய தேவதாருவை நம்மில் பலர் நேரில் கண்டிரார். எனினும் அதன் கட்டை நாட்டு மருந்துக் கடையில் நமக்குப் பழக்கமானதே. இந்நாளில் அதன் எண்ணெயைச் சிறு புட்டியில் அடைத்து, ஆக்ஸிகரணத் தடுப்பான் நிறைந்தது, மூப்பை விலக்கும் என்றெல்லாம் சொல்லி விற்கின்றனர். இதில் மெய் எவ்வளவு என்பதே நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

எண்ணெய் காற்றுப்பட்டுச் சிக்குவாடை அடைகிறதே, அதுதான் ஆக்ஸிகரணம். நல்லெண்ணெய் விரைவில் கெடாமைக்குச் செசமால் போன்ற தடுப்பான்களே காரணம்.

தேவதாருவின் வைரக்கட்டையை நீராவியால் வடித்தெடுக்கும் எண்ணெயில் மிகுந்திருப்பவை ஹிமாசலீன்கள். இவற்றின் அமைப்பை 1960-களில் புனா தேசிய இரசாயன ஆய்வுக்கூடத்தில் சுக் தேவ் குழுவினர் ஆராய்ந்து தெளிவாக்கினர். அக்கூடத்தின் முதல் இந்திய இயக்குநராக 1957-இல் பொறுப்பேற்ற கே. வெங்கடராமன் சென்னையில் பிறந்தவர்; அதற்கு முன் நம் மாட்டுங்காவில் பம்பாய்ப் பல்கலைக்கழக இரசாயனத் தொழில்நுட்பத் துறையை நடத்தியவர். அவ்வாயிலைக் கடந்து பள்ளி செல்லும் நம் பிள்ளைகள் இதனை அறிந்திருத்தல் நன்று.

இனித் தடுப்பாற்றலுக்கு வருவோம். ஹைதராபாத் இந்திய இரசாயனத் தொழில்நுட்பக் கழகத்தார் 2001-இல் தேவதாருக் கட்டையிலிருந்து அவ்வாற்றலுடைய மட்டைரெசினால் முதலிய லிக்னான்களைப் பிரித்துக் காட்டினர். கனமான இப்பொருள்கள் நீராவியோடு எளிதில் ஏறி வாரா. ஆகவே கட்டைக்குக் கிடைத்த நற்சான்றைப் புட்டியின்மேல் ஒட்டுவது முறையன்று. எண்ணெய்க்கும் ஓரளவு ஆற்றலுண்டு எனச் சில சோதனைகள் கூறுகின்றன. ஆனால் அது ஊதா நிறக் கரைசல் மஞ்சளாக மாறும் கண்ணாடிக் குழாய்ச் சோதனை. மனித உடல் கண்ணாடிக் குழாயன்று.

பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆடவர் 29,133 பேரிடம் ஒரு பெரும் சோதனை நடந்தது. பீட்டா கரோட்டின் என்னும் தடுப்பானைப் பல்லாண்டு உண்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. 18 விழுக்காடு மிகுந்தது என 1994-இல் அறிவித்தனர்.

மற்றொன்று. ஊசியிலை மரத்து எண்ணெய்கள் தாமே ஆக்ஸிகரணத்துக்கு ஆளாகின்றன. திறந்து வைத்த கற்பூரத்தைலம் நாளடைவில் தடித்துப் பிசுபிசுக்கும். அவ்வாறு மாறிய தைலம் தோலில் அரிப்பும் கொப்புளமும் உண்டாக்கும். ஆதலின் புட்டியை இறுக மூடி, வெயில் படாமல், குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வைத்தல் வேண்டும். குழந்தை குடித்துவிட்டால் வாந்தியெடுக்கச் செய்யலாகாது. எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். புட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.