முதல் நாள் காய்ச்சலும் குடும்ப மருத்துவரும்

(குடும்ப மருத்துவக் கருத்தரங்கில் ஆற்றிய தலைமை உரை)



நீரிழிவு, இரத்தக்கொதிப்பு, மூட்டுவலி, மனச்சோர்வு என நம் புறநோயாளி அறைக்கு அன்றாடம் வரும் நோய்களெல்லாம் நிகழ்ச்சி நிரலில் உள்ளன. அவற்றை அந்தந்த அமர்வுகளுக்கு விட்டுவிட்டு, நான் காய்ச்சல் ஒன்றைப் பற்றி மட்டும் பேசுகிறேன். நம் துறையின் பலமும் பலவீனமும் அதில்தான் பளிச்சென்று தெரிகின்றன.

பெரிய மருத்துவமனைக்குப் போகும் நோயாளிக்குப் பெரும்பாலும் காய்ச்சல் நாலைந்து நாள் தாண்டியிருக்கும்; நோயும் தன் அடையாளத்தைக் காட்டியிருக்கும். நம்மிடம் வருபவருக்கோ நேற்றிரவுதான் ஆரம்பித்திருக்கும். தலைவலி, உடல்வலி தவிர வேறு துப்பு இருக்காது. சளிக்காய்ச்சல், டெங்கு, உண்ணிக்காய்ச்சல், எலிக்காய்ச்சல் எல்லாம் அன்றைக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். அந்த நேரத்தில் நோய்க்கு ஒரு பெயர் சூட்டியே தீருவேன் என்று அவசரப்படும்போதுதான் சிகிச்சை தடம் புரள்கிறது.

அந்த அவசரத்துக்கு நல்ல உதாரணம் விடால் பரிசோதனை. 1896-இல் அறிமுகமான சோதனை இது. இன்றும் ஒரே ஒரு முறை எடுத்துப் பார்த்துவிட்டு, ‘டைபாய்டு’ என்று எழுதி ஊசியைத் தொடங்கிவிடுகிறோம். எப்போதோ வந்துபோன தொற்று, போட்டுக்கொண்ட தடுப்பூசி, வேறு சில காய்ச்சல்கள் ஆகியவையும் அதைப் பாசிட்டிவ் ஆக்கும். டைபாய்டு என்ற சந்தேகம் வலுவாக இருந்தால், ஆன்டிபயாட்டிக் கொடுப்பதற்கு முன்பே பிளட் கல்ச்சருக்கு அனுப்புவதுதான் முறை.

சோதனைச் சீட்டை எழுதும் கை, நோயாளியின் உடம்பைத் தொட்டுப் பார்க்கத் தயங்குகிறது. உண்ணிக்காய்ச்சலை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்கிரப் டைபஸ் என்று நாம் படித்தது இதைத்தான். உண்ணியின் இளம்பூச்சி கடித்த இடத்தில், சிகரெட்டால் சுட்டதுபோல் கறுத்த பொருக்கும் சுற்றிலும் சிவந்த விளிம்பும் இருக்கும். வலிக்காது, பெரும்பாலும் அரிக்கவும் அரிக்காது. அதனால் நோயாளிக்கே தெரிந்திருக்காது. அக்குள், தொடையிடுக்கு, மார்பகத்தின் அடிமடிப்பு, இடுப்பில் துணி இறுக்கும் இடம் என்று மறைவிடமாகப் பார்த்து உட்கார்ந்திருக்கும். சட்டைக்கு மேலேயே ஸ்டெதஸ்கோப்பை வைத்து எடுப்பவர் கண்ணில் அது படாது. திரையை இழுத்துவிட்டு, பெண் நோயாளி என்றால் செவிலியரை உடன் வைத்துக்கொண்டு, நல்ல வெளிச்சத்தில் தேட வேண்டும். கிடைத்துவிட்டால் டாக்ஸிசைக்ளின் போதும். பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். பென்சிலினும் செஃபலோஸ்போரினும் இந்தக் கிருமியை ஒன்றும் செய்யாது. பொருக்கு எல்லா நோயாளிக்கும் இருப்பதில்லை என்பதையும் மறக்கக் கூடாது.

டெங்குவில் சிக்கல் வேறு மாதிரி. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும்; ஆபத்தும் அப்போதுதான் தொடங்கும். “ஜுரம் விட்டுடுச்சு டாக்டர்” என்று குடும்பமே நிம்மதியாக இருக்கும் வேளையில்தான் இரத்தக் குழாயிலிருந்து நீர் கசியும். கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் இரத்தம், எழ முடியாத சோர்வு ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பிளேட்லெட் எண்ணிக்கையையே பார்த்துக்கொண்டிராமல் ஹீமட்டோக்ரிட் ஏறுகிறதா என்றும் கவனிக்க வேண்டும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் கூடாது.

இவற்றிலிருந்து நான் சொல்ல வருவது ஒன்றுதான். முதல் நாளிலேயே நோயைக் கண்டுபிடிக்க வேண்டும் என்ற கட்டாயம் குடும்ப மருத்துவருக்கு இல்லை. மறுபடியும் எப்போது வர வேண்டும், என்ன தெரிந்தால் நள்ளிரவானாலும் கிளம்ப வேண்டும் என்று சொல்லி அனுப்பும் கட்டாயம் உண்டு. நோயாளியை மறுபடியும் பார்க்கும் வாய்ப்புதான் நமக்குக் கிடைத்துள்ள பெரிய பரிசோதனைக் கருவி.

“கூட்டம் தாங்கவில்லை, ஊசி போடாவிட்டால் அடுத்த தெரு டாக்டரிடம் போய்விடுவார்கள்” என்று சிலர் முணுமுணுப்பது காதில் விழுகிறது. கூட்டம் உண்மைதான். 67 நாடுகளின் தரவுகளைத் திரட்டி 2017-இல் வெளியான ஆய்வில், முதல்நிலை மருத்துவர் ஒரு நோயாளிக்குச் செலவிடும் நேரம் சுவீடனில் 22 நிமிடத்துக்கு மேல். வங்கதேசத்தில் 48 வினாடி. நம் கூட்டத்தை நாளைக்கே குறைக்க முடியாது. ஆனால் மருந்துச் சீட்டின் அடியில் இந்த அறிவுரையை இரண்டு வரியில் எழுத அரை நிமிடம் போதும். ஊசியை எதிர்பார்த்து வந்தவரும், தொட்டுப் பார்த்து விளக்கமாகச் சொல்லும் டாக்டரை விட்டு எளிதில் போய்விட மாட்டார்.

ஆகவே இந்தக் கருத்தரங்குக்கு ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். கலைந்து போவதற்குள், காய்ச்சல் நோயாளி வீட்டுக்கு எடுத்துச் செல்லும்படி எளிய தமிழில் ஒரு பக்க அறிவுரைத் தாளை நாம் சேர்ந்து எழுதி முடிக்க வேண்டும். அபாய அறிகுறிகளும் மறுபடி வர வேண்டிய நாளும் அதில் இருக்கட்டும். இளம் மருத்துவர்கள் அதற்கு முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டு கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.