வாக்கியமும் விதியும்

(இளைஞர் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



விஞ்ஞான விதிகளைத் தகவற் கொள்கையின் துணைகொண்டு விளங்கிக்கொள்வது எப்படி என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். இது கணினி படித்தவர்களுடைய விடயம், எங்களுக்கு இதில் என்ன வேலை என்று முன்வரிசையில் இருக்கும் பெரியோர் எண்ணக்கூடும். அப்படியன்று. இதற்கு நல்லதோர் உதாரணம் எங்கள் வீடுகளிலேயே இருக்கின்றது. அதுதான் பஞ்சாங்கம்.

முதலில் தகவல் என்றால் என்ன? நல்லூர்க் கந்தன் பெருந்திருவிழாவில் இருபத்துநான்காம் நாள் தேர் என்று நல்லூர்வாசி ஒருவரிடம் சொன்னால், அவர் சிரிப்பார். அவருக்குத் தெரியாத எதையும் நாம் சொல்லவில்லை. முன்பின் அறியாத ஒருவருக்கோ அதே வார்த்தை பெரும் செய்தி. ஆகவே ஒரு சொல் எவ்வளவு தகவலைத் தருகின்றது என்பது, அது எவ்வளவு ஐயத்தை நீக்குகின்றது என்பதைப் பொறுத்தது. இந்த எண்ணத்திற்கு ஓர் அளவுகோலை வகுத்தவர் அமெரிக்க நாட்டவரான கிளோட் ஷனன். 1948ஆம் ஆண்டில், பெல் தொலைபேசி ஆய்வுகூடத்தில் இருந்தபோது அவர் இதை வெளியிட்டார். 'ஆம்' அல்லது 'இல்லை' என்று சமவாய்ப்புடன் வரக்கூடிய ஒரு விடை தரும் தகவல் ஒரு 'பிட்'. பூவா தலையா என்பதற்கு விடை ஒரு பிட். முப்பத்திரண்டு பேருள் ஒருவரைக் கண்டுபிடிக்க ஐந்து வினாக்கள் போதும். ஆகவே அது ஐந்து பிட்.

இனிப் பஞ்சாங்கத்திற்கு வருவோம். வாக்கிய பஞ்சாங்கம் என்ற பெயர் எதனால் வந்தது? சந்திரன் வானில் நிற்கும் இடத்தைச் சொல்லும் 248 வாக்கியங்களால் வந்தது. இவை வரருசி என்பவர் இயற்றியவை என்பது மரபு. சந்திரன் ஒரு நாள் மெதுவாகவும் ஒரு நாள் விரைவாகவும் செல்கின்றது. மிக மெதுவான நிலையிலிருந்து மறுபடி அந்நிலைக்கு வர ஏறக்குறைய இருபத்தேழரை நாள் ஆகும். அத்தகைய ஒன்பது சுற்றுகள் மிக நெருக்கமாக 248 நாளில் முடிகின்றன. ஆகவே நாளொன்றுக்கு ஒரு வாக்கியமாக 248 வாக்கியங்களை மனனஞ் செய்தால் போதும். அதன்பின் மீண்டும் முதலிலிருந்து தொடங்கலாம். கடபயாதி என்னும் முறைப்படி ஒவ்வோர் எழுத்தும் ஓர் எண்ணைக் குறிக்கும். முதல் நாள் வாக்கியம் 12 பாகை 3 கலை என்பதைத் தருகின்றது. கடைசி வாக்கியம் 27 பாகை 44 கலை என்பதைத் தருகின்றது. கேட்பவருக்கு அவை பொருளுள்ள சொற்றொடர்கள். கணிதருக்கு அவை எண்கள்.

இதனை ஷனனின் கோலால் அளந்து பார்ப்போம். பன்னிரண்டு இராசி, இராசிக்கு முப்பது பாகை, பாகைக்கு அறுபது கலை. ஆக 21,600 இடங்கள். அவற்றுள் ஒன்றைக் குறிக்கப் பதினைந்து பிட் போதும். 248 வாக்கியங்களுக்கு 3,720 பிட். இன்று கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரேயொரு படம் இதைப்போலப் பல ஆயிரம் மடங்கு இடத்தைப் பிடிக்கும். அத்துணைச் சிறிய மூட்டைக்குள் தலைமுறை தலைமுறையாகத் தேவைப்படும் சந்திர கணிதத்தை எங்கள் முன்னோர் கட்டி வைத்தனர்.

அது வெறும் பேச்சன்று என்பதற்குச் சான்று உண்டு. 1825இல் சென்னையில் வெளிவந்த 'காலசங்கலித' என்னும் நூலில் ஜோன் வாரன் என்பவர் ஒரு செய்தியைப் பதிந்துள்ளார். புதுச்சேரியில் வாழ்ந்த பஞ்சாங்க கணிதர் ஒருவர், நிலத்தில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமான சொற்களைக்கொண்டே அவ்வாண்டுச் சந்திரகிரகணத்தைக் கணித்துக் காட்டினார். பிழை எவ்வளவு? தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம். தாளும் இல்லை, எழுதுகோலும் இல்லை!

இங்கேதான் விஞ்ஞான விதி என்றால் என்ன என்ற வினா எழுகின்றது. 1960களில் சொலமொனொவ், கொல்மகொரொவ், சைற்றின் ஆகிய மூவரும் தனித்தனியே ஓர் எண்ணத்தை அடைந்தனர். ஒரு பெரிய எண்வரிசையை மீண்டும் உண்டாக்கக்கூடிய மிகக் குறுகிய விவரணம் எதுவோ, அதன் நீளமே அவ்வரிசையில் உள்ள உண்மையான தகவல். ஒழுங்கே இல்லாத வரிசையைச் சுருக்க முடியாது. சந்திரன் ஒழுங்கின்றி அலைந்திருந்தால் 248 அல்ல, 248 இலட்சம் வாக்கியங்களும் உதவா. வானம் சுருக்கத்திற்கு இடங்கொடுக்கின்றது; அதனாலேயே விஞ்ஞானம் இருக்கின்றது. அந்த 248 வாக்கியங்களையும் இரண்டு மூன்று எண்களாலும் ஒரு திருத்தத்தாலும் மறுபடி பெறலாம். நியூட்டன் 1687இல் வெளியிட்ட ஈர்ப்பு விதியோ இன்னும் ஒருபடி மேலே சென்று, சந்திரனையும் கடல் வற்றுப் பெருக்கையும் மரத்திலிருந்து விழும் பனம்பழத்தையும் ஒரே வரியில் அடக்கிற்று. சில சொல்லிப் பலவற்றை விளக்குவதே விதி.

ஆனால் சுருக்கம் மட்டும் போதாது. 1978இல் ரிசனென் என்பவர் இதைத் தெளிவாக்கினார். விதியின் நீளத்தோடு, அது விட்டுவைக்கும் பிழைகளை எழுதும் நீளத்தையும் கூட்டிப் பார்க்கவேண்டும். கூட்டுத்தொகை குறையுமாயின் விதிக்கு இன்னுமொரு வரி சேர்ப்பது தகும். இல்லையேல் அது வீண் அலங்காரம்.

வாக்கியக் கணிதம் சந்திரனின் முதலாவது ஏற்றத்தாழ்வை மட்டுமே கொள்கின்றது. அதன் உச்ச அளவு ஏறக்குறைய 5 பாகை. உண்மையில் அந்த ஏற்றத்தாழ்வு 6 பாகை 17 கலை. சூரியனின் ஈர்ப்பால் 1 பாகை 16 கலை அளவான வேறொன்றும் உண்டு. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் இரண்டாவது முதலாவதிலிருந்து கழிந்து 5 பாகையே எஞ்சும். எனவே அந்நாட்களில் பழைய கணிதம் பொருந்துகின்றது. அரைச்சந்திர நாட்களிலோ இரண்டும் கூடிவிடும். அதனால் அட்டமியை ஒட்டி இரண்டரைப் பாகை வரை பிழை வரலாம். திதியில் அது ஏறத்தாழ ஐந்து மணித்தியாலம். வாக்கியமும் திருக்கணிதமும் சில வேளைகளில் முரண்படுவதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

கிரகணங்களை மட்டும் ஆயிரம் ஆண்டு பார்த்தாலும் இப்பிழை வெளிப்படாது. பழத்தை எப்போதும் கடகத்தோடு சேர்த்தே நிறுப்பவன் ஆயிரம் தடவை நிறுத்தாலும் பழத்தின் நிறையைத் தனியே அறியமாட்டான். அவனுடைய சாமர்த்தியத்தில் குறையில்லை. அவன் செய்த நிறுவையில் அந்தத் தகவல் இல்லை.

இதையே கணிதமாக நிறுவியவர் எங்கள் அயல்நாட்டவரான சி. ஆர். ராவ். அவர் 1920இல் அன்றைய சென்னை மாகாணத்து ஹடகலியில் பிறந்தவர். கல்கத்தாவில் அவர் விரிவுரை செய்தபோது, பெருந்தொகையான அவதானங்களுக்கு பிஷர் கண்ட முடிவைச் சிறுதொகைக்கும் நிறுவலாகாதா என்று தண்டேகர் என்னும் மாணவர் கேட்டார். அன்றிரவே முயன்று மறுநாள் ராவ் நிறுவிக் காட்டினார். 1945இல் அது வெளிவந்தது. ஒருபுறம் சாயாத எந்த மதிப்பீடாயினும், அதன் சராசரி வர்க்கப்பிழை அவதானத்திலுள்ள தகவலின் தலைகீழ் அளவுக்குக் கீழே இறங்காது என்பதே அதன் சாரம். இங்கே தகவல் என்பது பிஷர் வகுத்த அளவு. ஷனனின் அளவோடு உறவுடையது, ஆனால் அதுவேயன்று. ராவ் 2023இல் தமது 102ஆம் வயதில் மறைந்தார்.

இளைஞர்களே, பழைய கணிதத்தை மூடநம்பிக்கை என்று எள்ளுவது அறியாமை. அதில் குறையே இல்லை என்று சாதிப்பதும் அறியாமையே. 932ஆம் ஆண்டில் 'லகுமானசம்' செய்த முஞ்சாலர் சந்திரனுக்கு இரண்டாவது திருத்தத்தைச் சேர்த்தார். 14ஆம் நூற்றாண்டில் சங்கமக்கிராமத்து மாதவர் வாக்கியங்களை விகலை வரை நுணுக்கினார். திருத்துவதும் எங்கள் மரபுதான். எந்த நாளில் விரதம் பிடிப்பது என்பதை ஆலயமும் குடும்பமும் தீர்மானிக்கட்டும். சந்திரன் எங்கே நிற்கின்றது என்பதை வானத்தைப் பார்த்தே தீர்மானிக்கவேண்டும்.

பெரியோர்களே, பரீட்சைக்காகச் சூத்திரங்களை மனனஞ் செய்யும் எங்கள் பிள்ளைகளிடம், இந்தச் சூத்திரம் எத்தனை அவதானங்களைத் தன்னுள் அடக்கியிருக்கின்றது, எந்த அவதானம் இதனைப் பொய்ப்பிக்கும் என்று ஒருமுறை கேளுங்கள். தண்டேகர் கேட்டது போல அவர்களும் திருப்பிக் கேட்கட்டும். கேட்கும் பிள்ளையை அடக்காதீர்கள். அந்தக் கேள்வியில்தான் அடுத்த விதி இருக்கக்கூடும்.