எண்ணி எழுதுவோம்

(கல்முனைக் கடற்கரைத் துப்புரவுப் பணிக்கு வந்த தோட்டக் குடும்பங்கள் முன் ஆற்றிய உரை)

 

தேயிலை மலையில் இருக்கும் நமக்குக் கடற்கரையில் என்ன வேலை என்று லயத்தில் சிலர் கேட்டார்கள். பதுளைக்குக் கிழக்கே மலையில் பிறக்கும் கல்லோயாதான் பட்டிப்பளை ஆறு. அது இங்கினியாகலை வழியே வந்து கல்முனைக்குத் தெற்கே கடலில் சேர்கிறது. மலைக்கும் கரைக்கும் தண்ணீரே உறவு.

இன்று நாம் குப்பை பொறுக்க மட்டும் வரவில்லை, எண்ணவும் வந்திருக்கிறோம். போத்தல், மூடி, ஷொப்பிங் பை, ஷாம்பு பக்கற், அறுந்த வலை என்று எது கிடைத்தாலும் தாளில் அதற்கு ஒரு கோடு போடுங்கள். 1986 இல் அமெரிக்காவின் டெக்சாஸ் கரையில் தொண்டர்கள் இப்படித்தான் தொடங்கினார்கள். இன்று இலங்கை உட்பட நூறுக்கு மேற்பட்ட நாடுகளில் செப்டெம்பர் மாதம் இந்த வேலை நடக்கிறது.

ஏன் எண்ண வேண்டும்? கொழுந்து மடுவத்தை நினையுங்கள். தராசில் நிறுத்ததை நம் கொப்பியிலும் எழுதி வைத்தால்தான் சம்பள நாளில் கேள்வி கேட்கலாம். கரையும் அப்படித்தான். "அசுத்தமாக இருக்கிறது" என்றால் அதிகாரி தலையாட்டுவார். "இந்தத் திகதியில், இந்த நூறு மீற்றரில், இத்தனை பக்கற்" என்றால் பதில் சொல்லியாக வேண்டும்.

20 மில்லிலீற்றருக்கு உட்பட்ட ஷாம்பு போன்ற சஷே பக்கற்றுகளை அரசாங்கம் 2021 இல் தடை செய்தது. அந்தத் தடை கடையில் நடக்கிறதா, காகிதத்தில் கிடக்கிறதா என்பதை நம் கோடுகள் சொல்லும். இதே அம்பாறை மாவட்டத்தில், பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் பிளாஸ்டிக் தின்று யானைகள் செத்தது 2022 இல் உலகச் செய்தியானது. செத்த யானைகளின் வயிற்றில் இருந்ததைப் பரிசோதித்துப் பதிந்ததால்தான் காரணம் தெரிந்தது.

போன முறை நாம் ஒரு பிழை விட்டோம். மூட்டை மூட்டையாகச் சேர்த்தோம். இடத்தையும் தூரத்தையும் எழுதவில்லை. அந்தக் கணக்கு இன்று எதற்கும் உதவவில்லை. இம்முறை முதலில் கயிறு பிடித்து அளப்போம். ஒரு பொருள் கிடைக்காவிட்டால் பூச்சியம் என்று எழுதுங்கள். கூட்டி எழுத வேண்டாம். கள்ளத் தராசை எதிர்க்கும் நம் தராசு நேராக இருக்க வேண்டும்.

இந்தப் பழக்கத்தை மலைக்கும் கொண்டு போவோம். 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை மறக்க முடியுமா? 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் விழிப்பாக இருக்க வேண்டும். 100 என்றால் தயாராக வேண்டும். 150 என்றால் வெளியேற வேண்டும். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவு இது. மழைமானியைப் பார்த்து எழுத ஒவ்வொரு லயத்திலும் ஒருவர் வேண்டும். அது நம் பிள்ளைகளால் முடியும்.

வாருங்கள் தோழர்களே, கயிற்றைப் பிடிப்போம்.